மொட்டை மாடி ரேடியோ தொலைநோக்கி கிட்: ஹைட்ரஜனுக்கு நம்பி வாங்கலாம், ‘ஒளிந்திருக்கும் வாயு’வுக்கு வேண்டாம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைனில் 18,500 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த வீட்டு ரேடியோ தொலைநோக்கி கிட், பால்வீதியின் ஹைட்ரஜனைப் பார்க்க நல்ல பொருள், கொடுத்த காசுக்குக் குறையில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பளபளப்பான துண்டுத்தாளில் ‘நம் விண்மீன் மண்டலத்தில் ஒளிந்திருக்கும் மூலக்கூறு வாயுவை உங்கள் மாடியிலிருந்தே கண்டுபிடியுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அது நடக்கிற காரியம் இல்லை. ஏன் நடக்காது என்று விற்பவர் சொல்ல மாட்டார், வீடியோவில் பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறவர்களும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். விற்பவர் பெயரைப் போடவில்லை. ஏறத்தாழ இதே பாகங்களை ஆளுக்கொரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள், எதை வாங்கினாலும் கீழே இருப்பது பொருந்தும்.

பெட்டியில் வருவது: இதழ் இதழாகப் பிரிந்து வரும் 1 மீட்டர் வலை டிஷ், அதன் குவியத்தில் மாட்டுகிற டின் போன்ற ஃபீட் (அலையை வாங்கும் ஆன்டெனா), ஃபில்டரோடு சேர்ந்த சின்ன ஆம்ப்ளிஃபையர், கம்ப்யூட்டரில் செருகுகிற யூஎஸ்பி டாங்கிள் (ரேடியோ ரிசீவர்), கேபிள், ஒரு முக்காலி ஸ்டாண்டு. டிஷ்ஷை மாட்டுவது எளிது, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். ஸ்டாண்டைப் பற்றி மட்டும் நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் தகரக் குழாயில் ஸ்டாண்டு செய்து அனுப்பியிருக்கிறார்கள். காரைக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கோண இரும்பில் வேறு செய்து வாங்கிக்கொண்டேன், காலுக்கு இரண்டு மணல் மூட்டை வைத்த பிறகுதான் நின்றது. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எங்கள் அப்பத்தா மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, “கேபிள்காரன் போயி எத்தனை வருசம் ஆச்சு, இப்ப எதுக்குப்பா திரும்பவும் குடை?” என்றார்கள். குடையில் சீரியல் எதுவும் வராது என்று தெரிந்ததும் கீழே போய்விட்டார்கள்.

வைத்திருப்பது பள்ளத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். ரேடியோ வானியலுக்கு இருட்டு வேண்டாம், தெருவிளக்கு எரிந்தாலும் நிலா இருந்தாலும் ஒன்றுமில்லை, பட்டப்பகலிலும் வேலை செய்யும். வேண்டியது மின்சார இரைச்சல் இல்லாத இடம். அந்த வகையில் செட்டிநாடு இதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள், வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், ஆகவே வைஃபை இல்லை, மட்டமான எல்இடி பல்பு இல்லை, இன்வெர்ட்டர் இல்லை. யாராவது கல்யாணத்துக்கென்று வீட்டைத் திறந்து முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை சீரியல் செட் போட்டால்தான் திரையில் முள் முள்ளாக வர ஆரம்பிக்கும். அந்த மூன்று நாளும் மூடி வைத்துவிட்டு விருந்துக்குப் போய்விடுவது உத்தமம்.

இனி நல்லது. ஹைட்ரஜன் அணு 1,420.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய சிக்னல் விடும், அலைநீளம் 21 செ.மீ. இப்படி ஒன்று வரும் என்று 1944-ல் வான் டி ஹூல்ஸ்ட் கணக்குப் போட்டுச் சொன்னார், 1951-ல் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹார்ன் ஆன்டெனாவை நீட்டிவைத்துப் பிடித்தார்கள். அதே வேலையை நம் மாடியில் இந்த டப்பா செய்துவிடுகிறது. டிஷ்ஷை முதலில் கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓர் அளவு எடுக்க வேண்டும். சுவர் ஏறத்தாழ 300 கெல்வின், அது நமக்கு அளவுகோல் (ரேடியோ வானியலில் சிக்னலின் பலத்தையும் வெப்பநிலை அலகான கெல்வினிலேயே சொல்வார்கள்). அப்புறம் பால்வீதி இல்லாத வெற்று வானம், அப்புறம் பால்வீதி. வித்தியாசத்தைப் போட்டால் திரையில் வரும் நிறமாலைக் கோட்டில் ஒரு நிமிடத்துக்குள் மேடு எழும்பிவிடுகிறது. சிக்னஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் திருப்பினால் ஒரு மேடு மட்டும் வராது, நமக்குப் பக்கத்தில் இருக்கும் வாயு ஒரு வேகத்தில், தள்ளியிருக்கும் சுருள் கைகள் வேறு வேகத்தில் என்று தனித்தனியாக இரண்டு மூன்று மேடுகள் பிரிந்து நிற்கும். பத்தாம் வகுப்புப் பையனுக்கும் டாப்ளர் விளைவு புரிந்துவிடும். பள்ளிக்கூட அறிவியல் மன்றத்துக்கு வாங்குகிறவர்கள் இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

சரி, துண்டுத்தாளில் சொன்ன ‘ஒளிந்திருக்கும் வாயு’ என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். இது கரும்பொருள் (டார்க் மேட்டர்) கிடையாது. சாதாரண ஹைட்ரஜன்தான், இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்து மூலக்கூறாக இருக்கிறது, அவ்வளவே. நட்சத்திரங்கள் பிறப்பதற்கு மூலப்பொருளே அதுதான். கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஒரே மாதிரி இரண்டு அணு, ஆகவே மின் இருமுனை (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின்) இல்லை, ஆகவே சுழலும்போது ரேடியோவில் எதையும் வெளிவிடுவதில்லை. அந்த மூலக்கூறால் முடிந்த மிகத் தாழ்ந்த வெளிவிடு கோடு (குறிப்பிட்ட ஒரு அலைநீளத்தில் மட்டும் அது விடும் சிக்னல்) 28 மைக்ரான் அகச்சிவப்பில் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்பவே 500 கெல்வின் அளவுக்கு ஆற்றல் வேண்டும். இந்த மேகங்களோ 10, 20 கெல்வினில் விறைத்துப் போய்க் கிடக்கின்றன. ஆக, பிரபஞ்சத்தில் அதிகமாக இருக்கும் மூலக்கூறு வாயே திறப்பதில்லை.

அதனால் வானியலாளர்கள் பக்கத்து வீட்டுக்காரரை விசாரிக்கிற வழியைப் பிடித்தார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்கும் இடத்தில் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடும் இருக்கும், அது 115 கிகாஹெர்ட்ஸில் நன்றாகவே பேசும். 1970-ல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் ஓரியனில் அதைக் கண்டுபிடித்த பிறகு, பால்வீதியின் மூலக்கூறு வாயு வரைபடம் என்று நாம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு வரைபடம்தான். சிக்கல் மேகத்தின் ஓரத்தில் இருக்கிறது. நட்சத்திரங்களின் புறஊதா ஒளி மேகத்துக்குள் நுழையும்போது ஹைட்ரஜன் மூலக்கூறு தன்னைத் தானே காத்துக்கொள்ளும், வெளி அடுக்கில் இருப்பவை அந்த ஒளியை வாங்கிக்கொள்ள உள்ளே இருப்பவை தப்பித்துவிடும். கார்பன் மோனாக்சைடு எண்ணிக்கையில் குறைவு, அதனால் அந்தப் பாதுகாப்பு அதற்கு ஆழத்தில்தான் கிடைக்கும், ஓரத்தில் உடைந்துபோகும். அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறு நிறைய இருக்கும், கார்பன் மோனாக்சைடு சிக்னல் இருக்காது. வரைபடத்தில் அந்த இடம் காலி என்று விழும்.

காலி இல்லை என்று எப்படித் தெரிந்தது என்றால், அது வேறு வாசல் வழியாக வந்த செய்தி. காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்கள்) எந்த வாயு அணுக்கருவில் மோதினாலும் காமா கதிர் வரும், அணு மூலக்கூறு என்ற பேதம் அதற்கு இல்லை. 2005-ல் கிரேனியே, கசாந்ஜியான், டெரியே ஆகியோர் காமா கதிர் வரைபடத்தை எடுத்து, 21 செ.மீ. ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் கழித்துப் பார்த்தார்கள், கணக்கு நேராகவில்லை, ஒரு மீதி மேகங்களின் ஓரத்தை ஒட்டி வடிவத்தோடு நின்றது. 2011-ல் பிளாங்க் செயற்கைக்கோள் தூசியை வைத்து அளந்தபோதும் அதே கதை. சூரியனைச் சுற்றியுள்ள பகுதியில் இந்த மறைந்த வாயுவின் நிறை, அணு ஹைட்ரஜனில் சுமார் 28 சதவீதம், கார்பன் மோனாக்சைடு காட்டிக்கொடுக்கிற வாயுவைவிடக்கூடச் சற்று அதிகம். அதாவது கார்பன் மோனாக்சைடை வைத்து நாம் எண்ணியிருந்த அளவுக்கு இன்னொரு பங்கு எண்ணாமலே கிடந்திருக்கிறது.

காமா கதிரும் தூசியும் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்றுதான் சொல்லும், என்ன இருக்கிறது என்று சொல்லாது. அது மூலக்கூறே இல்லை, மிகக் குளிர்ந்து அடர்ந்துபோன அணு ஹைட்ரஜனைத்தான் 21 செ.மீ. வரைபடம் குறைத்துக் காட்டுகிறது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இந்த வழக்கை விசாரிக்க உதவுவதுதான் ரேடியோ உட்கவர் கோடு, அதாவது பின்னாலிருந்து வரும் அலையை வாயு விழுங்குவதால் விழும் தடம். எனக்கு இந்தக் கிட் வாங்கியதில் கிடைத்த பெரிய லாபமே இதைத் தேடிப் படித்ததுதான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஜன்னலுக்கு மேலே வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள் இல்லையா, ராத்திரி விளக்கில்லாமல் பார்த்தால் அது வெறும் கறுப்பு, பின்னால் வெயில் அடித்தால்தான் பச்சையா சிவப்பா என்று தெரியும். குளிர்ந்த வாயுவும் அந்த ரகம். அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் பிரகாசமான ஒரு குவேசாரோ (தொலைதூர விண்மீன் மண்டலத்தின் ஒளிமிக்க மையம்), வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சமோ இருந்தால், அங்கிருந்து வரும் ரேடியோ அலையில் தனக்கு உரிய அலைவரிசையை மட்டும் வாயு எடுத்துக்கொள்ளும். நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு குழி விழும். குழியின் ஆழத்திலிருந்து எவ்வளவு வாயு என்று கணக்கிடலாம். வாயு எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சொந்தமாக ஒளிராத பொருளைப் பிடிக்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

வரலாற்றில் ஹைட்ரஜன் மூலக்கூறு விண்வெளியில் முதன்முதலாகச் சிக்கியதும் இப்படித்தான். 1970-ல் கருதர்ஸ் ஒரு ராக்கெட்டில் கருவியை அனுப்பி, க்சி பெர்சி நட்சத்திரத்தின் புறஊதா ஒளியில் அதன் உட்கவர் கோடுகளைப் பார்த்தார். ஆனால் தூசி அடர்ந்த இடத்தில் புறஊதா வராது, ரேடியோ வரும். ரேடியோவில் ஹைட்ரஜன் மூலக்கூறு பேசாது, எனவே அங்கேயும் துணைக்கு ஒருவர் வேண்டும். அந்தத் துணைதான் ஹைட்ராக்சில், ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது. 18 செ.மீ. அலைநீளத்தில் 1,612, 1,665, 1,667, 1,720 மெகாஹெர்ட்ஸ் என்று நான்கு கோடுகள், நடுவில் உள்ள இரண்டும் வலுவானவை. 1963-ல் வைன்ரெப், பாரெட், மீக்ஸ், ஹென்றி நால்வரும் அமெரிக்காவில் மில்ஸ்டோன் ஹில் 84 அடி டிஷ்ஷைக் காசியோபியா ஏ என்ற, வெடித்த நட்சத்திரத்தின் மிச்சத்தின் பக்கம் திருப்பி, அந்த நடு இரண்டு கோடுகளையும் உட்கவர் குழிகளாகவே கண்டார்கள். ரேடியோவில் கண்டுபிடித்த முதல் விண்வெளி மூலக்கூறு அது. கார்பன் மோனாக்சைடுக்கு ஏழு வருடம் மூத்தது.

கார்பன் மோனாக்சைடு இல்லாத ஓரப் பகுதிகளிலும் ஹைட்ராக்சில் இருக்கும், அதனால்தான் மறைந்த வாயுவுக்கு அது நல்ல சாட்சி. பின் ஏன் அதன் வெளிவிடு கோட்டை வைத்தே வானம் முழுக்க வரைபடம் போடவில்லை என்று கேட்டால், அது பின்னணியோடு கலந்துவிடுகிறது. அரெசிபோவின் 305 மீட்டர் தொலைநோக்கி அளவீடுகளை வைத்து 2018-ல் வந்த ஓர் ஆய்வு, பெரும்பாலான இடங்களில் ஹைட்ராக்சிலின் கிளர்வு வெப்பநிலைக்கும் (அது எவ்வளவு ஒளிரும் என்பதைக் காட்டும் வெப்பநிலை) பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் 2 கெல்வினுக்குள் அடங்கிவிடுகிறது என்று காட்டியது. சுவரும் படமும் ஒரே நிறம் என்றால் எங்கே தெரியும்? பின்னால் ஒரு பிரகாசமான மூலம் இருந்தால்தான் பிழைப்பு. மில்லிமீட்டர் அலைநீளத்தில் இதே வேலையை ஹெச்சிஓ-பிளஸ் அயனி செய்கிறது, 89 கிகாஹெர்ட்ஸ். கமீலியான் என்ற வாயு மேகங்களுக்குப் பின்னால் உள்ள குவேசார்களை லிஸ்ட், ஜெரான், கிரேனியே மூவரும் ஆல்மா தொலைநோக்கியால் பார்த்து, மறைந்த வாயுவில் பெரும்பங்கு மூலக்கூறுதான் என்று காட்டினார்கள். 2005-ல் மீதியைக் கண்ட அதே கிரேனியேதான். அணு ஹைட்ரஜன் கட்சி முழுதாக வாபஸ் வாங்கிவிட்டது என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பகுதியைப் பொறுத்தவரை தீர்ப்பு எந்தப் பக்கம் என்பது தெளிவு.

இப்போது நம் கிட்டுக்கு வருவோம். டாங்கிள் 1,700 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் எடுக்கும், அதில் பொய் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டபோது விற்பவர் தரப்பில் வந்த பதிலும் இதுதான்: “சார், டாங்கிள் 1,667 எடுக்கும் சார், அப்ப ஓகேதானே சார்.” ஓகே இல்லை சார். டாங்கிளுக்கு முன்னால் நீங்களே வைத்துக் கொடுத்திருக்கும் ஃபில்டர், 1,420-க்கு இருபுறமும் சில பத்து மெகாஹெர்ட்ஸை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடுகிறது. வெட்டத்தான் அதை வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் பக்கத்து செல்போன் டவர் ஆம்ப்ளிஃபையரை அமுக்கிவிடும். ஆக 1,667 டாங்கிள் வாசலுக்கே வந்து சேராது. ஃபீட்டும் 1,420-க்கு வெட்டிய அளவு. இதைச் சொன்னதும் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

வேறு ஃபில்டர், வேறு ஃபீட் போடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் கணக்கு இடிக்கிறது. காசியோபியா ஏ வானத்திலேயே மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்று, நம் ஊரிலிருந்து வடக்கே 40 பாகை உயரத்துக்குச் சற்று மேலேயே வரும். அதை 1 மீட்டர் டிஷ்ஷால் நேராகப் பார்த்தால் கிடைப்பது கால் கெல்வின் அளவு. அதில் ஹைட்ராக்சில் போடும் குழி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, அதாவது சில மில்லிகெல்வின். நம் கருவியின் சொந்த இரைச்சலோ 150 முதல் 200 கெல்வின். இரைச்சலை ஒரு மில்லிகெல்வினுக்குக் கீழே இறக்க வேண்டுமானால், 5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஏறத்தாழ 70 நாள் இடைவிடாத பதிவு வேண்டும். அது காகிதக் கணக்கு. நிஜத்தில் மத்தியானம் எங்கள் மாடித் தளம் கொதிக்கிற கொதியில் ஆம்ப்ளிஃபையரின் பெருக்கமே மணிக்கு மணி மாறுகிறது, டாங்கிளின் அலைவரிசையும் நகர்கிறது, 70 நாள் சேர்த்த பதிவில் மிஞ்சுவது வெயிலின் வரலாறுதான். போதாததற்கு 1,612 கோட்டுக்குப் பக்கத்திலேயே இரிடியம் செயற்கைக்கோள்கள் கத்திக்கொண்டிருக்கின்றன.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு தகவல். புனேக்கு வடக்கே கோடாடில் இருக்கும் நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி, 45 மீட்டர் டிஷ் முப்பது கொண்டது, அதன் மேல் எல்லையே 1,450 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான். 21 செ.மீ. உட்கவர் கோட்டை அருமையாக எடுக்கும், பால்வீதியின் 18 செ.மீ. ஹைட்ராக்சில் அதன் வரம்புக்கு வெளியே. சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியின் 19 கற்றை ரிசீவரும் 1,450-ல் நின்றுவிடும். நம் ஊட்டி தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் மலைச்சரிவையே துணைக்கு வைத்துக் கட்டிய 530 மீட்டர் நீளக்காரர், 326.5 மெகாஹெர்ட்ஸ்காரர், அவருக்கு ஹைட்ரஜன் கோடே எட்டாது. கோடிக்கணக்கில் போட்ட கருவிகளுக்கே அலைவரிசை வரம்பு இருக்கும்போது பதினெட்டாயிரத்துக்கு இரண்டையும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்பட வேண்டாமா.

ஆனால் ஒரு விஷயம் துண்டுத்தாளில் இல்லை, போட்டிருக்க வேண்டியது அதைத்தான். உட்கவர் கோடு ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆசை இருந்தால் இந்த 1 மீட்டர் டிஷ்ஷால் முயன்று பார்க்கக்கூடிய ஒன்று உண்டு, அதற்கு ஃபில்டர் மாற்ற வேண்டியதில்லை. பால்வீதியின் மையம் இருக்கும் திசையில், நமக்கு 125 பார்செக் (சுமார் 400 ஒளியாண்டு) தூரத்திலேயே, ரீகல்-கிரட்சர் மேகம் என்று குளிர்ந்த அணு ஹைட்ரஜன் ஒன்று விரிந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால் வானத்தில் 40 பாகை நீளம் இருக்கும். பின்னால் உள்ள சூடான ஹைட்ரஜன் வெளிவிடும் 21 செ.மீ. அலையை இது இடைமறிக்கிறது, ஆகவே மேட்டின் நடுவே வினாடிக்கு 5 கி.மீ. வேகத்தை ஒட்டி ஒரு பள்ளம் விழும். சாதாரணமாக உட்கவர் கோட்டுக்குக் குறுகிய கற்றை வேண்டும், நம் டிஷ்ஷின் கற்றையோ (ஒரே நேரத்தில் அது பார்க்கும் வானப் பரப்பு) பதினைந்து பாகை அகலம், எல்லாவற்றையும் குழைத்துவிடும். இந்த மேகம் அவ்வளவு பெரிதாக இருப்பதால் பள்ளம் முழுக்க நிரம்பிவிடுவதில்லை.

இங்கேதான் செட்டிநாட்டுக்கு இன்னொரு ஆதாயம். ஐரோப்பாவில் இதே கிட்டை வைத்திருப்பவருக்குப் பால்வீதி மையம் தெற்கு அடிவானத்தில் மரங்களுக்குப் பின்னால் கிடக்கும், தரையின் வெப்பமெல்லாம் டிஷ்ஷுக்குள் வந்துவிடும். நமக்கு அது தெற்கே 50 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. ஓர் ஆவணி மாலையில் கைப்பிடிச் சுவரைப் பார்த்து அளவெடுத்து, மையத்தைப் பார்த்து நீண்ட நேரம் ஓடவிட்டு, இரண்டையும் வகுத்துப் போட்டதில் மேட்டின் உச்சி ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருந்தது. அது அந்த மேகம்தான் என்று கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். அடுத்த மாதமும் அதே வேகத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் மாதாமாதம் சிக்னலை நகர்த்தும், மென்பொருளில் அந்தத் திருத்தம் இருக்கிறது, ஆனால் முதலில் அணைத்து வைத்திருக்கிறார்கள், அமைப்புகளுக்குள் போய் நாம்தான் போட வேண்டும். இது மூலக்கூறு வாயு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், குளிர்ந்த அணு வாயு. என்றாலும் பின்னணி வெளிச்சத்தில் குளிர்ந்த மேகம் குழி போடுகிறது என்ற அடிப்படையை உங்கள் கையால் எடுத்த கோட்டிலேயே பார்க்கலாம்.

கையேடு பதினாறு பக்கம், ஆங்கிலம் மட்டும், அதில் நான்கு பக்கம் உத்தரவாத நிபந்தனை. மென்பொருள் பரவாயில்லை. கேபிள் மட்டம், இரண்டு மழைக்குள் இணைப்பு பச்சை பூத்துவிட்டது, தண்ணீர் புகாத டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டெலிவரிக்காரர் பெரிய பெட்டியை ஊருக்குள் கொண்டுவர மாட்டேன் என்று சொல்ல, காரைக்குடிக்குப் போய் நாமே தூக்கிவர வேண்டியதாயிற்று, அது கிட்டின் குற்றம் இல்லை, எழுதி வைக்கிறேன்.

ஹைட்ராக்சிலையே துரத்துவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு: இந்தக் கிட்டை வாங்காதீர்கள். பழைய கேபிள் ஆபரேட்டர்களின் மாடியில் எட்டு அடி, பத்து அடி குடைகள் இன்னும் துருப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன, தேவகோட்டைப் பக்கம் இரும்புக் கடை விலைக்கே தருகிறார்கள். எட்டு அடி டிஷ் 1 மீட்டரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு பரப்பு. அதற்கு 1,667-க்கு ஏற்ற ஃபீட்டும் ஃபில்டரும் தனியாகச் செய்து, நிழலில் ஆம்ப்ளிஃபையரை வைத்து, பால்வீதி மையத்தைக் குறிவைத்தால் ஆசைக்கு ஓர் அர்த்தம் இருக்கும், அங்கே ஹைட்ராக்சில் குழி காசியோபியாவில் உள்ளதைவிடப் பல மடங்கு ஆழம். டாங்கிள் மட்டும் வாங்கினால் போதும், அது சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

ஐந்துக்கு மூன்றரை. துண்டுத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, உறுதியான ஸ்டாண்டோடு ‘ஹைட்ரஜன் கிட்’ என்று மட்டும் பெயர் வைத்து விற்றால் நாலரை கொடுப்பேன். வாங்குவதென்றால் மாசி, பங்குனியில் வாங்குங்கள், அப்போது பால்வீதி மையம் விடியற்காலையில் தெற்கே ஏறி நிற்கும், மாடித் தரையும் குளிர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாங்கினால் பெட்டி பிரிக்காமலே கிடக்கும், மார்கழியில் சூரியனே அந்தத் திசையில் போய் நின்றுகொண்டு இரைச்சலைக் கூட்டும். இடி மின்னல் நாளில் கேபிளைக் கழற்றி வையுங்கள், உத்தரவாத நிபந்தனையின் அந்த நான்கு பக்கத்தில் மின்னல் சேதம் சேராது என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள்.